கடற்கரைப் பக்கம் நிற்கும் பழைய ஜெட்: பெயின்ற் அடித்து எட்டு மாதத்தில் கொப்புளம்

கல்கிசைத் தம்பி:
வணக்கம். கல்கிசையில், கடலில் இருந்து அரைக் கிலோமீற்றர்கூட வராத ஒரு வளவில் பழைய ஜெட் புறோவோஸ்ற் பயிற்சி விமானம் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி இரும்புத் தூண்களில் ஏற்றியிருக்கிறார்கள். பராமரிப்பு எங்கள் நாலைந்து பேரின் பொறுப்பு. 1950களின் இறுதியில் இலங்கை வான்படைக்கு வந்த ஆரம்பகால ஜெட் வகை இது, 1971 கிளர்ச்சியின்போதும் பறந்தது. அப்படிப்பட்ட ஒன்று கண் முன்னால் உளுத்துப்போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

தை மாதம் கார் கராஜ்காரர் ஒருவரை அழைத்து, உரசி, புட்டி வைத்து, பெயின்ற் அடித்தோம். தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் வயிற்றுப் பக்கமெல்லாம் கொப்புளம். சுரண்டினால் வெள்ளைத் தூள் கொட்டுகிறது. வால் பக்கம்தான் மிக மோசம். விமானியின் கண்ணாடி மூடியும் பால்போல மங்கிவிட்டது. பெயின்ற் தரமில்லையா? திரும்ப உரசி எபொக்சி அடித்தால் நிற்குமா?

பழைய மெக்கானிக்:
தம்பி, இப்போதைக்குப் பெயின்ற் வாங்க வேண்டாம். இதற்குப் பதில் சொல்லுங்கள். வயிற்றின் அடியில் பென்சில் நுழையும் அளவில் சின்னத் துளைகள் தெரிகின்றனவா? கொப்புளம் தகட்டின் நடுவிலா, தகடுகளை இணைக்கும் ரிவெற் ஆணி வரிசையிலா? உரசியது எதனால்?

கல்கிசைத் தம்பி:
ரிவெற் வரிசையில்தான் அண்ணா. துளை ஒன்றும் இல்லை, எல்லாம் வழவழப்பாக இருக்கிறது. உரசியது இரும்புக் கம்பி பிரஷால்.

பழைய மெக்கானிக்:
அங்கேதான் பிழை. அந்தத் துளைகள் தண்ணீர் வடிவதற்கு. கராஜ்காரர் ஓட்டை என்று நினைத்துப் புட்டியால் அடைத்திருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, அவை விமானம் சக்கரத்தில் நிற்கும் நிலைக்கு ஏற்ப வைத்தவை. நீங்கள் மூக்கைத் தூக்கியதால் தண்ணீர் முழுக்க வாலுக்குத்தான் ஓடும். தகடு செப்புக் கலந்த அலுமினியம். பலம் அதிகம், ஆனால் உப்பு ஈரம் பட்டால் வேகமாக அரிக்கும். மேலே எந்தப் பெயின்ற் அடித்தாலும் உள்ளே இருந்து தள்ளிக்கொண்டு வரும். கம்பி பிரஷ் விட்டுப்போன இரும்புத் துகளும் ஒவ்வொன்றாக அரிப்பைத் தொடங்கும்.

வாலின் மிகத் தாழ்ந்த இடத்தில் புட்டியை மரக்குச்சியால் கிளறுங்கள். கீழே வாளி வையுங்கள்.

கல்கிசைத் தம்பி:
அண்ணா, அரை வாளிக்கு மேல் வந்தது. கறுப்புத் தண்ணீர், மைனாக் கூட்டுக் குப்பையோடு.

பழைய மெக்கானிக்:
சரி, காரணம் பிடிபட்டது. எல்லா வடிதுளைகளையும் திறவுங்கள். உடற்பகுதியின் சோதனை மூடிகளைக் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீரால் கழுவி, மழையில்லாத நாட்களில் மின்விசிறி வைத்து நன்றாகக் காய விடுங்கள். அதன் பிறகும் வாலில் தண்ணீர் தேங்கினால், சட்டங்களுக்கு நடுவே, ரிவெற்றுக்குத் தள்ளி, ஒரு புதுத் துளை போடலாம். குருவி நுழையும் வாய்களுக்கெல்லாம் வலை அடியுங்கள், பலகையால் அடைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும்.

அப்புறம்தான் வெளிவேலை. வெள்ளைத் தூளை நைலோன் உரசு பஞ்சால், தண்ணீர் தொட்டு எடுங்கள். உலர உரச வேண்டாம். அடியில் பச்சை மஞ்சளாகப் பழைய பிரைமர் (அடிப்பூச்சு) இருந்தால் அது பெரும்பாலும் குரோமேற், அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. முகக்கவசம் கட்டாயம். பிறகு எபொக்சி பிரைமர், மேலே பொலியூரித்தேன் பெயின்ற்.

தூணின் இரும்பும் விமானத் தகடும் நேரே முட்டக்கூடாது. நடுவில் இறப்பர், போல்ற்றுக்கு நைலோன் வொஷர். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும்.

வெள்ளவத்தை அக்கா:
கண்ணாடி மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அக்ரிலிக். தின்னரால் துடைத்திருந்தால் உள்ளே மயிர் மயிராக வெடிப்பு ஓடியிருக்கும், அது திரும்பாது. மேலோட்டமான மங்கல் என்றால் அக்ரிலிக் பொலிஷ் போட்டு எடுக்கலாம். தறப்பாளால் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். வெயில் மறைக்கும் வெள்ளைத் துணி உறை, அடியில் காற்றுக்கு இடைவெளி விட்டு. இன்னொரு விடயம்: இருக்கை, ஆபத்தில் விமானியை வெடித்து வெளியே தூக்கும் வகை என்றால், அதன் வெடிமருந்து அகற்றப்பட்டதை அறிந்தவர் ஒருவர் உறுதிப்படுத்தும் வரை பிள்ளைகளை உள்ளே ஏற்ற வேண்டாம். இருட்டில் ஒளிரும் பழைய மானிகளில் ரேடியம் இருக்கலாம், அவற்றைக் கழற்றவோ சுரண்டவோ கூடாது.

கல்கிசைத் தம்பி:
தின்னரால்தான் துடைத்தோம் அக்கா. பிள்ளைகளை ஏற்றுவதை இன்றே நிறுத்திவிட்டேன். துளைகள் நான்கைத் திறந்தாயிற்று, இன்னும் சொட்டுகிறது. இரத்மலானை வான்படை அருங்காட்சியகத்துக்கும் போய், அங்கே தூண், போல்ற் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வருகிறேன். மாசிக்குள் காய்ந்தால் பிரைமர் அடிப்போம், படம் போடுகிறேன்.