ஃபிஷிங்: துண்டறிக்கைக்கு ஒரு தமிழ்ச் சொல்

கும்பகோணத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தீபாவளி விற்பனை தொடங்குமுன் டெல்டா மாவட்ட நூலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்ற கடைகளின் பெயரில் வந்து கணக்கைப் பறிக்கும் மின்னஞ்சல்களைப் பற்றியது. வரைவில் ஓரிடத்தில் 'போலி மின்னஞ்சல்', ஓரிடத்தில் 'வலைவீச்சு', இன்னோரிடத்தில் 'மின்தூண்டில்' என்று இருக்கிறது. ஒரே சொல் வேண்டும். அதிலிருந்து வினை பிறக்க வேண்டும். குறுஞ்செய்தி, தொலைபேசி, கியூஆர் கோடு வழியாக நடப்பவற்றுக்கும் அது கிளைக்க வேண்டும்.

ஃபிஷிங் என்பதன் கருத்து இதுதான்: தெரிந்த நிறுவனத்தின் வேடத்தில் செய்தி அனுப்பி, பயமோ ஆசையோ காட்டி, பெறுபவர் தாமாகவே பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு விவரம் ஆகியவற்றைக் கொடுக்கும்படி செய்வது.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, 'போலி' போதாது. போலி மருந்து, போலிப் பத்திரம் என்று பொருளின் தன்மைக்குச் சொல்வோம். இங்கே பெயர் வேண்டியது ஒரு செயலுக்கு. அதோடு, அந்த மடலில் பாதி அசலாகவே இருக்கும். கடையின் சின்னம் அசல். சில நேரம் உங்கள் பெயரும் செல் எண்ணும் அசல். அடியிலுள்ள 'விதிமுறைகள்' லிங்க்கூட அசல் கடைக்கே போகும். எல்லாமே போலியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்தான் முதலில் ஏமாறுவார்.

'வலைவீச்சு' நாளிதழ்களுக்குச் சொந்தமாகிவிட்டது. 'தப்பியோடிய வாலிபருக்கு போலீசார் வலைவீச்சு' என்று அன்றாடம் படிப்பவர்களிடம் அதையே திருடனின் வேலைக்குக் கொடுக்க முடியாது.

'மின்தூண்டில்' காதில் 'மின்தூண்டல்' என்று விழும். பள்ளி இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் படித்த பிள்ளைகள் மோட்டாரை நினைப்பார்கள். முன்னால் இருக்கும் 'மின்' போனால் சிக்கல் தீர்ந்தது. தூண்டில் என்றே வைக்கலாம். வினை ஏற்கெனவே இருக்கிறது: தூண்டில் போடுகிறான், தூண்டிலில் சிக்கினார். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் பிள்ளைகள் மதகடியில் தூண்டிலோடு உட்காரும் ஊர்களில் இதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து:

மன்னார்குடி அம்மா சொன்ன சொல்லே எனக்கும் சம்மதம். எனக்குப் பிடித்த காரணம் வேறு: தூண்டிலில் இரை வேறு, முள் வேறு. துண்டறிக்கையை இந்தப் பிரிவின்மேல் கட்டினால் படிப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

இரை மாறிக்கொண்டே இருக்கும். 'கணக்கு 24 மணி நேரத்தில் முடக்கப்படும்.' 'முகவரி முழுமையாக இல்லை, பார்சல் திரும்பப் போகிறது, 25 ரூபாய் கட்டவும்.' 'ரீஃபண்ட் தயார்.' நீங்கள் வாங்காத விலையுயர்ந்த டிவிக்கு ஒரு பில், கீழே 'ரத்து செய்ய அழைக்கவும்' என்று ஓர் எண். அஞ்சல் துறையின் பெயரில் வந்த முகவரித் திருத்தக் குறுஞ்செய்தியைப் பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே அறிவிக்க வேண்டியிருந்தது. எழுத்துப் பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள் என்ற வரியை வரைவிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிழையில்லாத தமிழிலேயே எழுதுகிறார்கள். பிழை இல்லாததை நம்பிக்கைச் சான்றாக எடுத்துக்கொள்வது பெரிய ஆபத்து.

முள் முக்கியமாக மூன்று வகை: லிங்க் (கியூஆர் கோடும் இதில் அடங்கும்), கூட வரும் ஃபைல், அழைக்கச் சொல்லும் எண். கடைக் கணக்குகளைப் பறிப்பதில் பெரும்பாலும் லிங்க்தான். அதைப் படிக்கும் முறை தெளிவாக வர வேண்டும். செல்லில் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும்; கணினியில் மவுஸ் அம்பை அதன்மேல் நிறுத்தினால் திரையின் கீழ் ஓரத்தில் தெரியும். உதாரணமாக, 'கடை.காம்.ரீஃபண்ட்-உதவி.டாப்/ஆர்டர்' என்று இருக்கிறது. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் வாருங்கள். முதலில் எதிர்ப்படும் புள்ளிக்கு இருபுறமும் உள்ளதுதான் உரிமையாளர் பதிவு செய்த பெயர், அதாவது டொமைன்: ரீஃபண்ட்-உதவி.டாப். அதற்கு முன்னால் நிற்கும் 'கடை.காம்' அவர் விருப்பம்போல் ஒட்டிக்கொண்டது. '.கோ.இன்' போன்று இரட்டையாக முடிந்தால் இன்னொரு புள்ளி தாண்ட வேண்டும்.

ஆங்கில ஆர், என் சிற்றெழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் சிறிய திரையில் எம் போலவே தெரியும். பூட்டுச் சின்னம் எதற்கும் உறுதி இல்லை. போகும் வழியில் தகவலை யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். திருடனின் தளத்துக்கும் இலவசமாகவே கிடைக்கும்.

விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி சேர்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி அசல் வடிவத்தைப் பார்த்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சோதனைகளின் முடிவுகள் இருக்கும். மூன்றிலும் 'பாஸ்' என்று இருந்தால், அனுப்புநர் முகவரியில் குறிப்பிட்ட டொமைனிலிருந்துதான் மடல் வந்தது என்று பொருள். அந்த டொமைன் கடையுடையதா என்று அது சொல்லாது. திருடன் தன் சொந்த டொமைனை ஒழுங்காக அமைத்திருந்தால் மூன்றுமே 'பாஸ்' ஆகும்.

கும்பகோணத்திலிருந்து:

இரை, முள் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் அடிக்கடி கேட்கிறார்கள்: 'ஓடிபி உண்மையான கம்பெனியிலிருந்துதானே வந்தது, அப்புறம் எப்படி அது தூண்டில் தளம்?' நீங்கள் பாஸ்வேர்டு தட்டிய அதே நொடியில் தூண்டில் தளம் அதை அசல் கடையில் போடுகிறது. அசல் கடை அசல் ஓடிபியை உங்களுக்கு அனுப்புகிறது. அதையும் அதே பக்கத்தில் தட்டினால் உள்ளே நுழைவது திருடர்கள். எனவே ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் வாசகத்தையும் படிக்க வேண்டும்: பார்சல் வாங்கவா, உள்நுழையவா, பணம் செலுத்தவா? டெலிவரி ஆள் பேரில் வரும் தூண்டில் அழைப்புகள் இந்தக் குழப்பத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையோ திரைப்பூட்டோ கொண்டு நுழையும் பாஸ்கீயைப் பயன்படுத்தினால் இந்த வித்தை நடக்காது. அது அசல் டொமைனோடு கட்டப்பட்டது, வேறு முகவரியில் வேலை செய்யாது. பாஸ்வேர்டை பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால் அதுவும் துணை. வழக்கமாகத் தானே நிரம்பும் கட்டம் ஒருநாள் வெறுமையாக நின்றால், கையால் தட்டாமல் முகவரியைப் பார்க்க வேண்டும்.

எதுவும் புரியாதவர்களுக்கு ஒரே வழி போதும்: மடலை மூடிவிட்டு, செல்லில் இருக்கும் கடை ஆப்பைத் தாமே திறந்து ஆர்டர் பட்டியலைப் பார்ப்பது. அமேசானில் 'மெசேஜ் சென்டர்' என்ற பகுதியில் கடை அனுப்பிய செய்திகள் இருக்கும். யுபிஐ பின் எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். ரீஃபண்ட் வாங்க அது தேவையே இல்லை.

கிளைச்சொற்களாக தூண்டில் அஞ்சல், தூண்டில் குறுஞ்செய்தி, தூண்டில் அழைப்பு, தூண்டில் தளம் என்று வைக்கலாமா? ஆள் விவரம் தெரிந்துகொண்டு ஒருவருக்கென்றே போடுவதை 'குறித்தூண்டில்' என்று எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து:

முதல் நான்கும் சரி. 'குறித்தூண்டில்' வேண்டாம், வகுப்பறையில் சொல்ல முடியாத பொருள் வந்துவிடும். 'இலக்குத் தூண்டில்' நன்றாக இருக்கிறது. கியூஆர் வழியே வருவதற்குத் தனிச்சொல் தேடாமல் 'கியூஆர் தூண்டில்' என்றே விடுங்கள்.

லிங்க்கைத் தமிழாக்காமல் விட்டதும் நல்லது. 'இணைப்பு' என்றால் கூட வரும் ஃபைலையும் குறிக்கும். 'சுட்டி' மவுஸுக்கும் வழங்குகிறது. 'தொடுப்பு' என்பதற்கு ஊர்ப்பேச்சில் வேறு பொருள். எச்சரிக்கையில் இரு பொருள் இருக்கக் கூடாது.

நாகப்பட்டினத்திலிருந்து:

இன்னும் ஒரு சொல் மிச்சம். வரைவின் கடைசிப் பத்தியில் 'ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியவை' என்று இருக்கிறது. 'தூண்டிலில் சிக்கியவர்கள்' என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைப்பவர்கள் அதிகம். அந்த மறைப்புக்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்துவிட்ட வழக்கில், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

பத்தியின் வரிசையும் மாற வேண்டும். பணம் போயிருந்தால் முதலில் வங்கியும் 1930-உம். பிறகு கடை ஆப்பில் பாஸ்வேர்டு மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுதல். அதே பாஸ்வேர்டு மின்னஞ்சலுக்கும் இருந்தால் அதையும் மாற்றி, மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி எதையாவது திருடர்கள் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா என்று அமைப்புகளில் பார்த்தல். இதை விட்டால் கடை அனுப்பும் எச்சரிக்கைகளும் அவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கும். கடைசியாக, டெலிவரி முகவரிப் பட்டியலில் தெரியாத முகவரி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு நீக்குதல். புகாரில் அதைச் சேர்க்கலாம்.

கும்பகோணத்திலிருந்து:

'சிக்கியவர்கள்' என்று மாற்றிவிட்டேன். 1930 கடைசிப் பத்தியில் இருந்தது. தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் ஏற்றியிருக்கிறேன். தலைப்பு: 'தூண்டில் அஞ்சல்: இரையைப் பார்க்காதீர்கள், முள்ளைப் பாருங்கள்'. மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.