ஃபைபர் இணைப்பு: இரவில் டவுன்லோட் மட்டும் படுத்துவிடுகிறது

300 எம்பிபிஎஸ் பிளான். பத்து நாளாக இரவு 8 முதல் 11 வரை ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோட் 35–40தான் வருகிறது. அப்லோட் அப்போதும் 290க்குக் குறைவதில்லை. காலை 6 மணிக்கு இரண்டுமே முழுசாக வருகிறது.

வைஃபை காரணமில்லை. ரவுட்டரைக் கழற்றிவிட்டு, ஓஎன்டியிலிருந்து (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) கேட்-6 கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி, பிபிபிஓஇ டயல் செய்தும் (லேப்டாப்பிலேயே பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைந்தும்) அதே 38. லிங்க் ஸ்பீடு 1 ஜிபிபிஎஸ் காட்டுகிறது. ஆகவே கேபிளில் ஒரு ஜோடி அறுந்து 100க்கு இறங்கிவிடும் வழக்கமான சிக்கலும் இல்லை. ஆர்எக்ஸ் பவர் (ஓஎன்டிக்கு வந்துசேரும் ஒளியின் வலிமை) மைனஸ் 19.4 டிபிஎம், காலையிலும் இரவிலும் அதேதான். பச்சை கனெக்டரைத் துடைத்து, ஓஎன்டிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த பேட்ச் கார்டையும் (சிறு ஃபைபர் கேபிள்) மாற்றியாயிற்று. பலனில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இரவில் கேட்வேக்கு (சேவை நிறுவனத்தின் முதல் ரவுட்டர்) பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், 3 மில்லிசெகண்ட்; அடுத்த ஹாப்பில் (வழியிலுள்ள அடுத்த ரவுட்டர்) 70. அங்கே தொடங்கும் 2 சதவீத பாக்கெட் இழப்பு கடைசி ஹாப் வரை தொடர்கிறது. ஒற்றை இணைப்பில் சோதித்தால் டவுன்லோட் வெறும் 6.

சேவை நிறுவனம் ஆப்டிகல் பவரைப் பார்த்துவிட்டு "லைன் சரி" என்று புகாரை மூடிவிடுகிறது. நெரிசல் அவர்களுடைய அப்லிங்கில்தான் (கேட்வேயிலிருந்து மேலே இணையத்துக்குப் போகும் இணைப்பு) என்று மறுக்க முடியாதபடி காட்ட, இன்னும் எந்தச் சோதனையின் அளவீட்டை அனுப்ப வேண்டும்?