2001 படத்தின் கறுப்புப் பலகையும் தொப்பூர் ரோட்டு போர்டும்: பார்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கருங்கல் (கிருஷ்ணகிரி)

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் அக்கா மகன் லேப்டாப்பில் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தைப் போட்டுக் காட்டினான். 1968இல் வந்த படம், அதாவது மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முந்தின வருடம். அன்றிலிருந்து மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், எந்தக் காட்சியில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள், அதை எப்படி எடுத்தார்கள் என்பது எப்போது புரிந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். முதலில் என் கதை.

ஆரம்பத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வசனம் கிடையாது. குரங்கு மனிதர்கள் ஒரு விடியற்காலையில் கண் விழிக்கிறார்கள், எதிரே கறுப்பாக ஒரு பலகை நெட்டுக்குத்தலாக நிற்கிறது. நான் “ஸ்லாப்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கேங்சாவில் அறுத்து, பாலிஷ் லைனில் ஏற்றி இறக்கிய எங்கள் ஊர்க் கறுப்புக் கல் மாதிரியே இருந்தது, விளிம்புகூட அவ்வளவு நேர்த்தி. அப்புறம் அந்தக் குரங்குகள் பயந்து பயந்து கிட்டே வந்து அதைத் தடவுகின்றன. மற்றவர்களுக்கு அந்த இடத்தில் மெய்சிலிர்க்கும். எனக்கு வந்த முதல் நினைப்பு, ஐயோ கைரேகை விழுமே என்பதுதான்.

கறுப்பு மிரர் பாலிஷில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். வெளிர் நிறக் கல்லில் கை பட்டால் ஒன்றும் தெரியாது, கறுப்பில் ஒரு விரல் பட்டால்கூட வெளிச்சத்தில் எண்ணெய்க் கறை போலத் தெரியும். ஒருமுறை ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டத் தயாராக இருந்த சரக்கில் யாரோ உள்ளங்கையை வைத்துவிட்டார்கள், வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மறுபடி துடைத்துக் காட்டச் சொன்னார், ராத்திரி 11 மணி வரை நின்று துடைத்தோம்.

அதனால் அந்தப் பலகையைப் பற்றித்தான் முதலில் தேடிப் படித்தேன். அது கல்லே இல்லை, மரம். கறுப்புப் பெயின்டில் கிராஃபைட் கலந்து பல பூச்சு பூசி, தேய்த்துத் தேய்த்து அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பெரிய கவலை தூசியும் கைரேகையும்தானாம்! இதைப் படித்ததும் இங்கிலாந்தில் அந்த செட்டில் துணியோடு நின்ற ஆள் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். இன்னொரு விஷயம், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் முதலில் கேட்டது கறுப்புப் பலகையே இல்லை, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஒன்று. அதற்காக 2 டன் எடையுள்ள பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்) கட்டியை வார்த்து, மெதுவாகக் குளிரவிட்டு, பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேமராவில் பார்த்தால் வெறும் கண்ணாடிக் கட்டி போல இருக்கிறது என்று வேண்டாமென்றுவிட்டார். அந்தக் கட்டியைத்தான் பிறகு ஆர்தர் ஃப்ளைஷ்மன் என்ற சிற்பி வாங்கிக் கிரீடமாகச் செதுக்கினார், லண்டனில் செயின்ட் கேத்தரின் துறைப் பக்கம் வைக்கப்பட்டது. அவ்வளவு பாடுபட்டு வார்த்ததை ஒதுக்க மனசு வருமா? ஆனால் ஒதுக்கியது சரிதான். ஒளியை உள்ளே விட்டிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

சின்ன வயசில் அப்பா என்னை மல்லச்சந்திரம் மலைக்குக் கூட்டிப் போனார், பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் இருக்கிற மலை. யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று கேட்டேன், அப்பா பதில் சொல்லாமல் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். படம் முடிந்து படுத்தபோது அந்தக் குரங்குகளோடு அப்பாவின் கையும் ஞாபகம் வந்தது.

பழைய ஸ்டூடியோ (தர்மபுரி)

தம்பி, நல்ல இழை. தர்மபுரியில் ஃபிலிம் காலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். 90களில் வாடகைக் கேசட்டில் இந்தப் படத்தைப் பார்த்தேன், மங்கலான பிரின்ட்தான், ஆனாலும் ஒரு கேள்வி அன்றிலிருந்து விடவே இல்லை. குரங்குகள் திரியும் அந்தப் பாலைவனம் முழுக்க ஸ்டூடியோவுக்குள் எடுத்தது என்று எங்கோ படித்திருந்தேன். என் ஸ்டூடியோவில் தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் எத்தனை பேரை நிறுத்தியிருப்பேன், ஒருநாளும் அது தாஜ்மகாலாகத் தெரிந்தது கிடையாது. அவர்களுக்கு மட்டும் எப்படி வெயிலே அடிக்கிறது?

பதில் கிடைத்தது தொப்பூர் கணவாயில். சேலத்திலிருந்து ராத்திரி பைக்கில் வருகிறேன், வளைவு போர்டு என் ஹெட்லைட் பட்டதும் பளீரென்று எரிகிறது. வண்டியை நிறுத்தி இறங்கி நாலடி பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அதே போர்டு செத்துக் கிடக்கிறது. அந்த ஷீட்டில் இருக்கிற பொடிப் பொடிக் கண்ணாடி மணிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன, வேறு பக்கம் சிதறவிடுவதில்லை. குப்ரிக்கின் ஆட்கள் பயன்படுத்தியது இதே சரக்குதான், 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்லைட். 40 அடி உயரத் திரை முழுக்க அதை ஒட்டினார்கள். இன்றைய நமீபியாவில் எடுத்துவந்த 8க்கு 10 அங்குல ஸ்லைடுகளை புரொஜெக்டரில் போட்டார்கள். கேமராவுக்கு முன்னால் பாதி ரசம் பூசிய கண்ணாடி 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும், புரொஜெக்டர் பக்கவாட்டிலிருந்து அதன்மேல் படத்தை அடிக்கும், படம் திரும்பித் திரைக்குப் போய், வந்த வழியே கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு நேராக லென்ஸுக்குள் வரும். நடிகர்மேலும் அந்தப் படம் விழத்தான் செய்கிறது, ஆனால் உரோம உடுப்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, திரையோ பல மடங்கு பிரகாசமாகத் திருப்பும், அதனால் மேலே விழுந்தது கேமராவில் பதியாது. நடிகரின் நிழல்? புரொஜெக்டரும் கேமராவும் ஒரே கோட்டில் இருப்பதால் நிழல் அவருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். இவ்வளவுதான். தொப்பூர் போர்டுக்கும் அந்தப் பாலைவனத்துக்கும் ஒரே சூத்திரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஃபிலிம்காரர்களுக்கு இது இனிக்கும். நாங்கள் ‘டபுள் ஆக்ட்’ போட்டோ எடுப்போம், லென்ஸில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்து ஒரு கிளிக், ஆளை மறுபக்கம் உட்காரவைத்து அதே ஃபிலிமில் இன்னொரு கிளிக், ஒரே ஆள் இரண்டாக உட்கார்ந்திருப்பார். அவர்கள் விண்கலத்தை அப்படித்தான் எடுத்தார்கள். கலத்தை மட்டும் எடுத்துவிட்டு, நெகட்டிவைக் கழுவாமல் பத்திரமாகக் குளிரில் வைத்து, மாதக்கணக்கில் கழித்து அதே நெகட்டிவில் நட்சத்திரத்தையோ ஜன்னலுக்குள் நடமாடும் மனிதர்களையோ ஏற்றினார்கள். பிரின்டிலிருந்து பிரின்ட் எடுத்தால் தெளிவு குறையும் என்பதற்காக இவ்வளவு பொறுமை. இரண்டாவது எக்ஸ்போஷரில் ஒரு தப்பு நடந்தால் முதலில் எடுத்ததும் போச்சு. எனக்கு ஒரு கல்யாண ரோல் அப்படிப் போயிருக்கிறது, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

கடைசியில் வரும் ஒளிச் சுரங்கம் டக்ளஸ் டிரம்புல் செய்தது, படத்தில் சேரும்போது அவருக்கு 23 வயசு. கறுப்புத் தகட்டில் ஒரு மெல்லிய கீறல், பின்னால் விளக்கு, கீறலுக்கும் விளக்குக்கும் நடுவே நகரும் ஓவியம். ஷட்டரைத் திறந்தபடியே கேமரா தண்டவாளத்தில் அந்தக் கீறலை நோக்கி ஊர்ந்து போகும். ராத்திரி ஷட்டரை ‘பி’யில், அதாவது பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும்படி வைத்து, கணவாயில் லாரிகளைப் படம் எடுத்தால் விளக்குகள் கோடாக இழுபடும் அல்லவா, அதைக் கணக்குப் போட்டுச் செய்தால் இது. அங்கே ஒரு நிமிடப் பொறுமைக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஃப்ரேம், திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் வேண்டும். நீங்களே கணக்குப் பாருங்கள்.

அஞ்செட்டி ரோடு

அண்ணா சொன்ன போர்டு விஷயத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய் படத்தை மறுபடி பார்த்தேன். செத்த வரிக்குதிரைமேல் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருக்கிறதே, அதன் கண் இரண்டும் ஏன் அப்படி எரிகின்றன என்பது இப்போதுதான் விளங்கியது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு ராத்திரி பிக்கப் ஓட்டுகிற எனக்கு அந்தக் கண் புதுசில்லை. ஒரு தடவை வளைவில் ரோட்டோரம் இரண்டு பொட்டு வெளிச்சம், லைட்டை டிம் செய்ததும் காணோம், மறுபடி பிரைட் போட்டதும் அதே இடத்தில் அசையாமல். சிறுத்தைதான். அதன் கண்ணுக்குள்ளும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற அடுக்கு இருக்கிறது. புரொஜெக்டர் வெளிச்சம் கேமரா இருக்கும் கோட்டிலேயே போனதால் அந்தக் கண் திரையோடு சேர்ந்து எரிந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, தானாக வந்து அமைந்த அழகு. ராத்திரி காட்டில் பார்த்தால் உள்ளுக்குள் ஏற்படுகிற நடுக்கம் படத்திலும் அப்படியே இருக்கிறது.

பாலக்கோடு டீச்சர்

நான் ஆறாம், ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எடையின்மை பாடத்துக்கு இந்தப் படத்திலிருந்து ஒரு துண்டு காட்டினேன். விண்கலத்தில் ஒருவர் தூங்கிவிடுகிறார், அவர் பேனா காற்றில் மிதக்கிறது, பணிப்பெண் வந்து அதைப் பிடித்து அவர் சட்டைப்பையில் வைக்கிறாள். பிள்ளைகளில் பாதிப் பேர் நூல் என்றார்கள், மீதிப் பேர் கம்ப்யூட்டர் என்றார்கள். இரண்டும் இல்லை. பேனாவை இரட்டைப் பக்க டேப்பால் பெரிய வட்டக் கண்ணாடியில் ஒட்டி, கண்ணாடியை கேமராவுக்கு முன்னால் மெதுவாகச் சுழற்றினார்கள். அந்தப் பெண் பேனாவை எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள், காற்றிலிருந்து எடுப்பது போல இருக்காது, லேசாகப் பிய்த்து எடுப்பாள்.

நாங்களும் செய்தோம். ஜன்னல் வேலைக்கு வந்தவரிடம் மிச்சக் கண்ணாடி வாங்கி, ஓரத்தைத் தேய்த்துப் பத்திரமாக்கி, பேனாவை ஒட்டி, போனில் எடுத்தோம். முதல் மூன்று முறை கண்ணாடியில் எங்கள் முகமே தெரிந்தது. ஜன்னலைச் சாத்தி, கேமராவுக்குப் பின்னால் கறுப்பு சால்வையைக் கட்டியபிறகு நாலாவது தடவை பேனா மிதந்தது. அப்போது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எழுந்து வந்துவிட்டார்.

விண்வெளி வீரர் வட்ட அறைக்குள் ஓடிக்கொண்டே சுவரில் ஏறி உச்சிக்குப் போவதற்கு 38 அடி விட்டமுள்ள ஒரு சக்கரத்தையே கட்டினார்கள், விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் செய்து கொடுத்தது, செலவு 7,50,000 டாலர். அதை சைக்கிள் டயரும் கோலிக்குண்டும் வைத்துச் சொன்னேன். டயரை நிறுத்திச் சுற்றினால் குண்டு அடியிலேயே இருக்கும். நடிகர் அந்தக் குண்டு. டயரிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும் ஒரு எறும்பை நினையுங்கள், அதன் கண்ணுக்குக் குண்டுதான் மேலே ஏறி வட்டம் அடிக்கும். கேமரா அந்த எறும்பு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “அப்போ தட்டு, டம்ளர் எல்லாம் கீழே விழாதா டீச்சர்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சுற்றும் செட்டில் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டித்தான் ஆக வேண்டும், கழன்ற பொருள் மேலேயிருந்து தலையில் விழும்.

கருங்கல் (கிருஷ்ணகிரி)

டீச்சர், அந்தக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கிடைத்தது ஒரே ஆஸ்கர், சிறப்பு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு. பெற்றது குப்ரிக் ஒருவர். வாலி வீவர்ஸ், டக்ளஸ் டிரம்புல், கான் பெடர்சன், டாம் ஹோவர்ட் என்ற நாலு பேரின் பெயரும் படத்தின் டைட்டிலில் இருக்கிறது, மேடையில் இல்லை. குப்ரிக் கண் இல்லாமல் அந்தப் படம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 54 அடி நீள விண்கல மாடலில் பிளாஸ்டிக் பொம்மைக் கிட்டுகளின் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியவர்களின் கை அதில் இருக்கிறது. நாங்கள் பாலிஷ் போட்ட கல் எந்த ஊர்க் கட்டடத்தில் நிற்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது, அதனால்தானோ என்னவோ, எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டூடியோ அண்ணாவும் நானும் பேசி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தித்தோம். லாரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஷீட் கொஞ்சம் வாங்கி, ஒரு பிளைவுட்டில் வரிசையாக ஒட்டினோம். ஒரு பழைய ஸ்லைடு புரொஜெக்டரை அண்ணா தூசி தட்டிக் கொண்டுவந்தார், சாதாரணக் கண்ணாடியையே 45 டிகிரியில் சாய்த்தோம். ஸ்லைடு ஒகேனக்கல் அருவி, அவரே பல வருடத்துக்கு முன்னால் எடுத்தது. அறையை இருட்டாக்கிவிட்டுப் பார்த்தால் பலகையில் ஒன்றுமே இல்லை. “அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், இங்கே வாப்பா” என்று அண்ணா என் தலையைப் பிடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் சரியான இடத்தில் வைத்தார். அருவி கொட்டுகிறது! கையை நீட்டினேன், கைமேல் தண்ணீர் இல்லை, கைக்கு நிழலும் இல்லை.

ஒரே குறை, ஷீட்டின் இணைப்புகள் வானத்தில் நேர்க்கோடாகத் தெரிந்தன. குப்ரிக்கின் ஆட்களுக்கும் இதே தொந்தரவுதான், ஷீட்டை ஒழுங்கில்லாத துண்டுகளாக்கி மாற்றி மாற்றி ஒட்டித்தான் சமாளித்தார்கள், அப்படியும் நல்ல பிரின்டில் வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அடுத்த ஞாயிறு நாங்களும் பிய்த்து ஒட்டப் போகிறோம். டீச்சர், பிள்ளைகளைக் கூட்டி வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் கண் வைக்க முடியும், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.