‘பயஸ்’: கோட்டமா, பக்கச்சார்பா, ஓரமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், ஒன்பதாம் வகுப்புக்கான செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பயஸ்’ (bias) என்ற ஒரு ஆங்கிலச் சொல் மட்டும் வழிவிட மறுக்கிறது. பாடத்தில் அது இரண்டு பொருளில் வருகிறது. தரவு ஒரு பக்கமாகத் திரட்டப்பட்டதால் நேரும் பிழை ஒன்று. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடாக இருந்த பிழை, கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போயிற்று. மற்றொன்று, மூளை நரம்பணுக்களின் பின்னலைப் பார்த்து அமைத்த கணிப்பு முறையான நரம்பணு வலையில் உள்ளீடுகளை ‘எடை’ எனப்படும் எண்களால் பெருக்கிக் கூட்டியபின் கடைசியில் சேர்க்கும் எண். இரண்டுக்கும் ‘சாய்வு’ என்றே எழுதியிருந்தேன். மாதிரி வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “நேர்க்கோட்டுச் சமன்பாட்டில் எக்ஸைப் பெருக்கும் எண்தானே சாய்வு? அப்படியானால் எடையைத்தானே சாய்வு என்று சொல்ல வேண்டும்?” என்று கேட்டாள். கரும்பலகையில் இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபின்தான், கடைசியில் கூட்டும் எண்ணான வெட்டுத்துண்டுக்குச் சாய்வின் பெயரைச் சூட்டியிருக்கிறேன் என்பது உறைத்தது.

தமிழாசிரியர் எழுதியது:

கைவசம் சொல் இருக்கும்போது தேடுவானேன்? நடுவுநிலைமை அதிகாரத்தில் “ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி” என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளே “சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்” என்பது. தரவில் இருப்பது உட்கோட்டம், கணினியின் விடையில் வெளிப்படுவது சொற்கோட்டம்; இதைவிடத் துல்லியமான பகுப்பை எந்தப் பாடநூல் தரும்? (இங்கே ‘ஒருதலையா’ என்பதற்கு ‘உறுதியாக’ என்றே பொருள். அதே சொல் இன்று ‘ஒருதலைப்பட்சம்’ ஆகி, கோட்டத்தின் கட்சியில் சேர்ந்துகொண்டது வேடிக்கைதான்.) கோடுதல் என்றால் வளைதல், யானைக் கொம்பும் கோடு, பிறழ்ந்த ஆட்சியும் கொடுங்கோல். வளைவைக் குறித்த இந்தக் கோடு, அளவுகோல் வைத்து நேராக இழுப்பதற்கும் எப்படிப் பெயராயிற்று என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

கணித ஆசிரியை எழுதியது:

ஐயா, தனி மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும். ‘கோட்டம்’ என்று எழுதினால் மாணவர் மனத்தில் கோயிலோ நிர்வாகப் பிரிவோதான் எழும். ‘கோட்டின் கோட்டம்’ என்று ஒரு வினாவையும் நாம் அச்சிட நேரும். இலங்கைத் தமிழர் இயல்பாகப் புழங்கும் ‘பக்கச்சார்பு’ யாருக்கும் விளங்கும். கணிதத்தில் ‘சார்பு’ வேறு பொருளில் தனி இயலாகவே இருப்பது உண்மைதான். ஆனாலும் முன்னே நிற்கும் ‘பக்கம்’ குழப்பத்தைத் தடுத்துவிடும் என்று நம்புகிறேன். ‘பாரபட்சம்’, ‘ஓரவஞ்சனை’ ஆகியவற்றில் வேண்டுமென்றே செய்ததென்ற தொனி இருக்கிறது. கணினிக்கு நெஞ்சமும் இல்லை, வஞ்சமும் இல்லை.

தமிழாசிரியர் எழுதியது:

வஞ்சனையை விட்டுவிட்டு ‘ஓரம்’ மட்டும் போதுமே. மன்றத்தில் ஒருபக்கமாகப் பேசியோரைச் சாடும் ஔவையாரின் நல்வழி அடி, “மன்றோரம் சொன்னார் மனை”, நினைவில் இல்லையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, அடுத்த இயலே படத்தில் பொருள்களின் ஓரங்களைக் கண்டறிவது பற்றியது. ‘ஓரம் உள்ள தரவு’ என்று எழுதினால் மாணவர்கள் படத்தின் விளிம்பைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதாலேயே தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரவுக்குப் ‘பக்கச்சார்பு’ என்றும், நரம்பணு வலையின் எண்ணுக்கு மாணவர் ஏற்கெனவே அறிந்த ‘வெட்டுத்துண்டு’ என்றும் வைக்கிறேன். இதுவரை நால்வர் உடன்பட்டிருக்கிறார்கள்; அதில் இருவர், களைத்துப்போனதால் உடன்படுவதாகவே எழுதியிருக்கிறார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

உடன்படவில்லை. உள்ளீடு அத்தனையும் சுழியாக இருந்தாலும் அந்த எண் விடையை முன்கூட்டியே ஒரு பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. எடை ஏதும் வைக்காதபோதே ஒரு தட்டு தாழ்ந்திருக்கும் தராசு அது. கெட்ட தரவு செய்வதும் அதுவேதான். இரண்டு சொல்லாகப் பிரித்தால் இந்த உறவை மாணவர் எங்கே காண்பர்? அடிக்குறிப்பிலாவது ‘கோட்டம்’ இருக்கட்டும். ‘கோடு’ பற்றிய மடலை இன்றிரவு அனுப்புகிறேன்.