மலேரியா தடுப்பூசி: எந்தப் புரதத்தைக் குறிவைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

வியாசர்பாடி பயோடெக்:
எம்.எஸ்சி. முதல் வருஷம் படிக்கிறேன். மலேரியாவை உண்டாக்கும் பால்சிபாரம் ஒட்டுண்ணிக்குச் சுமார் 5,300 ஜீன்கள் இருக்கின்றன. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021லும் 2023லும் பரிந்துரைத்த இரண்டு தடுப்பூசிகளும் ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் இருக்கும் சி.எஸ்.பி. என்ற ஒரே புரதத்தைத்தான் குறிவைக்கின்றன. மற்றதை எல்லாம் ஏன் விட்டார்கள்? நம்ம பக்கம் மொட்டைமாடி டேங்கிலும் கிணற்றிலும் வளர்கிற கொசு கொண்டுவருவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணிதானே, அதற்கு இந்த ஊசி உதவுமா?

தண்டையார்பேட்டை லேப்:
தங்கச்சி, நல்ல கேள்வி. புரதம் ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் இருந்தால் மட்டும் போதாது, அது இல்லாமல் ஒட்டுண்ணி பிழைக்கவே கூடாது, ஊருக்கு ஊர் உருமாறவும் கூடாது. ஏ.எம்.ஏ.1 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் இந்த மூன்றாவதில்தான் அடிபட்டது. மாலி நாட்டுக் குழந்தைகளிடம் சோதித்தபோது ஊசியில் இருந்த வகைக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது, மற்ற வகைகள் தப்பிவிட்டன. சிவப்பணு மேல் வந்து உட்காரும் பி.எஃப்.இ.எம்.பி.1 என்ற ஒட்டுண்ணிப் புரதம் இன்னும் மோசம், சுமார் 60 ஜீன்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காட்டும். எனக்கு நம்பிக்கை ஆர்.எச்.5 என்ற புரதத்தின் மேல்தான். அதை வைத்துச் சிவப்பணு மேல் உள்ள பேசிஜின் என்ற புரதத்தைப் பிடித்துத்தான் ஒட்டுண்ணி உள்ளே நுழைய முடியும், 2011லேயே கண்டுபிடித்தார்கள், அதிகம் மாறுவதும் இல்லை.

ராயபுரம் ராத்திரி டியூட்டி:
வைவாக்ஸுக்கு அந்த ஊசிகள் உதவாது. அதன் சி.எஸ்.பி.யில் திரும்பத் திரும்ப வரும் பகுதியே வேறு. அது இளம் சிவப்பணுவில் உள்ள டஃபி புரதத்தைப் பிடித்து நுழைகிறது, அதனால் அப்படிப் பிடிக்கிற ஒட்டுண்ணிப் புரதமான டஃபி பைண்டிங் புரோட்டீனை ஆராய்கிறார்கள். ஆனால் வைவாக்ஸை லேபில் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை, ஒரு புரதம் இல்லாமல் ஒட்டுண்ணி பிழைக்குமா என்று ஜீனை நீக்கிப் பார்ப்பதற்கு நோலெசி என்ற நெருங்கிய இனத்தை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். இந்த வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும் காய்ச்சல் இது, ஒளிந்திருப்பதை அழிக்கும் பிரிமாகுயின் மாத்திரையை 14 நாள் சாப்பிடச் சொன்னால் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

வியாசர்பாடி பயோடெக்:
நன்றி அண்ணா. நான் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தண்டையார்பேட்டை லேப்:
மலேரியா ஒட்டுண்ணிகளின் ஜீன் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் பிளாஸ்மோடிபி இணையதளத்தில் வைவாக்ஸ் ஜீன்களை எடுத்து, சிக்னல் பெப்டைடு (புரதத்தை செல்லின் வெளிப்புறம் நோக்கி அனுப்பும் முகவரித் துண்டு) இருப்பதையும், மீரோசோயிட் (சிவப்பணுவுக்குள் நுழையும் ஒட்டுண்ணி வடிவம்) உருவாகும் கட்டத்தில் வெளிப்படுவதையும் மட்டும் வடிகட்டுங்கள். அப்புறம் வெவ்வேறு நாட்டு மாதிரிகளில் எது மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். பட்டியல் நிறையவே சுருங்கும்.