தனுஷ்கோடிப் பயணம்: எங்கள் குடும்பக் குழு

வெள்ளி இரவு

நான்: நாளை காலை 4 மணிக்கு மதுரையிலிருந்து வண்டி கிளம்புகிறது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நிழலே கிடையாது.

அத்தை: புளியோதரை கட்டியாச்சு. குழந்தைகளுக்கு மாற்றுத்துணி வைக்கட்டுமா? கடலைப் பார்த்தால் இறங்குவார்களே.

சித்தப்பா: முனையில் இறங்கவே கூடாது அக்கா. இரண்டு கடலின் நீரோட்டமும் மோதும் இடம், ஆழமும் சட்டென்று இறங்கும். இப்போது ஆடி, தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசுகிறது. தெற்கே மன்னார் வளைகுடா பொங்கிக்கொண்டு இருக்கும். அதைத்தான் ஆண் கடல் என்பார்கள். வடக்கே பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும், அதை நம்பியும் இறங்க வேண்டாம். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் அந்தப் பக்கம்தான் கொந்தளிக்கும்.

அத்தை: சரி, துணி வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.

பெரியப்பா: தனுஷ்கோடி பழைய ரயில்வே ஸ்டேஷன் சுவரைப் படம் எடுத்து அனுப்பு. முழங்கால் ஒத்துழைத்தால் நானே வந்திருப்பேன்.

சனி

நான் (8:35): கோதண்டராமர் கோவில் பிரிவைத் தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை. காற்று மணலை வாரி ரோட்டில் போடுகிறது. 2017-க்கு முன்னால் அரிச்சல்முனை வரை சாலையே இல்லை, மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போனோம், நினைவிருக்கிறதா?

அக்கா: பவளத் துண்டு கிடந்தால் எனக்கு ஒன்று எடுத்து வா, ஷோகேஸில் வைக்கலாம்.

நான்: வேண்டாம் அக்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. கரையில் செத்துக் கிடப்பதையும் எடுக்கக் கூடாது.

அத்தை (10:20): சர்ச் பக்கம் ஒரு அம்மா மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து மொண்டு கொடுத்தார். கண்ணெதிரே கடல், தண்ணீரில் உப்பே இல்லை!

சித்தப்பா: மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் கெட்டுப்போகும். அதனால்தான் கையளவு தோண்டுகிறார்கள்.

நான் (10:45): பெரியப்பா, ஸ்டேஷன் படம் மூன்று அனுப்பியிருக்கிறேன். சுவர் மட்டும்தான் நிற்கிறது.

பெரியப்பா (11:10): பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1963-இல் எனக்கு ஏழு வயது. அப்பா கொழும்புக் கடையிலிருந்து வருகிறார் என்று அம்மா என்னை அங்கே கூட்டிப் போனாள். தலைமன்னாரிலிருந்து கப்பல், இறங்கினால் ரயில். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா வந்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. மறுவருஷம் டிசம்பரிலும் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். முதலாளி லீவு கொடுக்கவில்லை. 22-ஆம் தேதி ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே கடலோடு போய்விட்டது, நூறு பேருக்கு மேல். அம்மா பல வருஷம் அந்த முதலாளி பெயரில் விளக்கேற்றினாள்.

அத்தை: இது எனக்கே தெரியாதே அண்ணா.

பெரியப்பா: நீ அப்போது கைக்குழந்தை.

அத்தை: வாசித்ததும் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா: அலைச் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்து போடு. தெற்குப் பக்கம்.

நான் (12:05): போட்டிருக்கிறேன். காற்று அதிகம், ஹெட்போனில் கேளுங்கள்.

பெரியப்பா (12:30): கேட்டேன்.

நான்: ஸ்டேஷனுக்கு ரோட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான் பெரியப்பா. நான் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறேன்.

பெரியப்பா: மாசியில் போவோம். வாடை தணிந்திருக்கும்.