ஆர்க்கிட் இலை சுருங்கித் தொங்குகிறது, தண்ணீர் போதவில்லையா?

கேள்வி (மதுரை)
அம்மாவுக்கு ஜனவரியில் ஒரு ஆர்க்கிட் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளைப் பூ, அகல இலை, ஃபலனாப்சிஸ் என்றார்கள். இரண்டு மாதம் பூ நின்றது. இப்போது ஐந்து இலையில் இரண்டு மஞ்சளாகி விழுந்துவிட்டன. மிச்சம் மூன்றும் சுருங்கித் தொங்குகின்றன. வாடுகிறதே என்று அம்மா தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறார். பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டை கிடையாது. தோட்டத்து மண் போட்டு மாற்றி வைக்கலாமா? அம்மா பார்த்துப் பார்த்து வருத்தப்படுகிறார்.

பதில்
மண் வேண்டவே வேண்டாம் தம்பி. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி இது, வேருக்குக் காற்று ஓட வேண்டும். இலை சுருங்கினால் தாகம் என்றுதான் தோன்றும். ஆனால் வேர் அழுகினாலும் இதே கோலம்தான்: தொட்டியில் தண்ணீர் நிற்கும், உறிஞ்ச வேர் இருக்காது. தண்ணீரை நிறுத்திவிட்டு, செடியை வெளியே எடுத்து வேரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நசுங்கினால், தோல் உருவி உள்ளே நூல் மட்டும் நின்றால், அது செத்த வேர்.

கேட்டவர்
எடுத்துவிட்டேன். வேரைச் சுற்றி அடைத்த பாசி (மாஸ்) மேலே காய்ந்திருக்கிறது, நடுவில் மட்டும் ஈரமாக ஒரு பாசி உருண்டை. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது, வாடை வேறு. நல்ல வேர் நான்குதான் தேறும்.

இன்னொருவர்
அந்த உருண்டைதான் காரணம். நாற்றாக இருந்தபோது வைத்த பாசியை எடுக்காமலே பெரிய தொட்டிக்கு மாற்றி விற்கிறார்கள். பொறுமையாகப் பிய்த்து எடுங்கள். நான்கு வேர் இருந்தால் பிழைக்கும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் செத்த வேரையும் பூத்தண்டையும் வெட்டிவிட்டு, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடுகிற இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம்.

முதலில் பதில் சொன்னவர்
பட்டைத் தூளை இலையில் பட்ட வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும், எனக்கு அப்படி ஒரு செடி போயிருக்கிறது.

பக்கமெல்லாம் ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பா போதும், வேர் அடங்குகிற அளவுதான். பெரிதாக இருந்தால் ஈரம் காயாது. கழுவிய அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு நிரப்புங்கள். மட்டையை இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை எடுத்த பிறகு போடுங்கள். செடியின் கழுத்து, அதாவது இலையும் வேரும் சேருகிற இடம், புதையக் கூடாது. ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டுங்கள், ஆடினால் புது வேர் நுனி ஒடிந்துவிடும்.

கிழக்கு ஜன்னல் நல்லது. டப்பா வழியே வேரைப் பாருங்கள்: பச்சையாக இருந்தால் தொடாதீர்கள், வெள்ளி நிறமாக வெளுத்தால் காலையில் ஊற்றுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்தே அழுகும்.

கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)
அடியில் பச்சை நுனியோடு ஒரு புது வேர்! அம்மா தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பழைய இலைகள் மட்டும் இன்னும் சுருக்கமாகவே இருக்கின்றன.

முதலில் பதில் சொன்னவர்
ரொம்ப சந்தோஷம். அந்தச் சுருக்கம் முழுசாகப் போகாது, வெட்டவும் வேண்டாம்; புது இலை வரும்வரை செடிக்குச் சோறு போடுவது அவைதான். இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் இருப்பது), லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன். பூவுக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும், மார்கழியில் பால்கனியில் வைத்துப் பாருங்கள். இந்த வருடமே பூக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், முதலில் இரண்டு இலை விடட்டும்.